வரிசை நாற்பத்தொன்று

தாலினில் ஜூலை மாத இருட்டை
ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டும்.
இரவு பதினொன்றுக்கும்
சமையலறை ஜன்னலில் வெயிலின் மிச்சம்.
அதில் நானும் மாரிட்டும்
உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்போம்.
தோல் மெல்லிசாக வர வேண்டும் என்பதில்
இருவருமே கறார்.

இருவரும் மூன்றாம் ஆண்டு.
இருவருக்கும் கோடைக்காலப் பயிற்சி.
நான் முதலீட்டு நிறுவனத்தில், ஐந்தாவது மாடி,
காபி இயந்திரம் என் பெயர் சொல்லிக் கூப்பிடும்.
அவள் தண்டவாளத்தை ஒட்டிய பழைய தொழிற்சாலையில்
ஒரு ஸ்டார்ட்அப்பில்.
தேன்கூட்டுக்குள் மைக் வைத்து
ராணி இருக்கிறாளா, போய்விட்டாளா என்று
சொல்லும் பெட்டி செய்கிறார்கள்.

பெட்டிக்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டுமே.
மாரிட் நாள் முழுக்க ஹெட்ஃபோனில் ரீங்காரம் கேட்கிறாள்.
பத்து விநாடிக்கு ஒரு துண்டு.
இருக்கிறாள். இருக்கிறாள். இல்லை. இருக்கிறாள்.
தூக்கத்திலும் சொல்கிறாள்.

வாரத்துக்கு அறுபது பேரின் கனவை
முதலில் படிக்கிறவள் நான்.
ஒவ்வொன்றும் பன்னிரண்டு ஸ்லைடு,
ஒவ்வொன்றிலும் வலப்பக்கம் ஏறிப்போகும் ஒரு கோடு.
கோடு பொய் என்று எல்லோருக்கும் தெரியும்.
பொய் எவ்வளவு அழகு என்பதற்கு
ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.
ஐம்பத்தெட்டுப் பேருக்கு நான்தான் மறுப்பு எழுதுவேன்.
இல்லை என்று நேராக எழுதக் கூடாது.
'இப்போதைக்கு' என்ற சொல்லை
உப்புப் போலச் சேர்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அந்தத் தேனீப் பெட்டி
என் மேசைக்கு வந்தது.

சந்தை அளவு பார்த்தேன். கணக்குத் தாளைத் திறந்தேன்.
வரிசை முப்பத்தெட்டு: அலுவலக வாடகை.
முப்பத்தொன்பது: சர்வர்.
நாற்பது: நிறுவனர்களின் பெர்லின் பயணம், நாலாயிரத்து இருநூறு.
நாற்பத்தொன்று: பயிற்சியாளர், மூவர்.
0.

அதற்கு முன் எந்த எண்ணையும்
நான் ஈரத் தலையோடு பார்த்ததில்லை.
அந்தப் பூஜ்யம் இன்று காலை
என் ஷாம்பூ புட்டியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித்
தேய்த்துக்கொண்டது.
அந்தப் பூஜ்யத்துக்கு
இடது காலணியில் நாடா இல்லை.
ஜூனிலும் ஜூலையிலும்
அறை வாடகையில் அதன் பங்கையும் நான்தான் கட்டினேன்.
செப்டம்பரில் தருகிறேன் என்றது,
வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

கூட்டிப் பார்த்தேன்.
அறுநூற்று நாற்பது யூரோ.
அந்தக் கம்பெனிக்கு இதுவரை
வெளியிலிருந்து வந்த ஒரே முதலீடு என்னுடையது.
பங்குப் பத்திரம் இல்லை. யாரும் கை குலுக்கவில்லை.

குறிப்பில் எழுதினேன்:
"வரிசை 41 சரியான செலவு அல்ல. வேறு யாரோ கொடுக்கிறார்கள்."
தார்வோ படித்தான். முப்பத்தாறு வயது,
சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கூட்டத்துக்கு வருவான்,
கெட்டவனில்லை.
"பூஜ்யமா? நல்ல சிக்கனம்" என்றான்.
பிறகு, "ஆனால் சந்தை சின்னது,
கையில் இருக்கும் காசு ஐந்து மாதம்கூடத் தாங்காது.
நீயே எழுதிவிடு."

எழுதினேன்.
'இப்போதைக்கு' இரண்டு முறை வந்துவிட்டது,
ஒன்றை அடித்தேன்.
அனுப்பும் நேரம்: நாளை காலை ஒன்பது.

ரகசியம் காப்பேன் என்ற காகிதத்தில்
முதல் நாளே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
என் சொந்தப் பேனாவில்.

இரவு மாரிட் ஒரு கேக் துண்டை
டிஷ்யூ தாளில் சுற்றி எடுத்து வந்தாள்.
முதலீடு வரப்போகிறதாம், ஆபீசில் வெட்டினார்களாம்.
உனக்குப் பிடிக்குமே என்று
ரூபார்ப் அதிகம் இருந்த பக்கத்தை எனக்குத் தந்தாள்.
தின்றேன்.

"இதைக் கேள்" என்று
ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினாள்.
பத்து விநாடி.
கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம்
ஒரே மூச்சில் எதையோ விசாரிப்பதுபோல.
"இருக்கிறாளா, இல்லையா? சொல்."

தெரியவில்லை என்றேன்.
"பழகினால் தெரியும்" என்றாள்.
மணி பதினொன்றரை. ஜன்னலில் இன்னும் வெளிச்சம்.
அவள் அடுத்த துண்டைப் போட்டாள்.