தலைமேல் ஒரு கீறல்

இரண்டாயிரத்து ஒன்று, ஜூன்.
பிராஸ் பசா பக்கம் ஒரு கட்டடம், ஏழாவது மாடி,
இரண்டு சட்டை போட்டாலும் விடாத ஏர்கான்.
அட்டைப் பட்டியலை அந்த வாரம்தான் மூடியிருந்தார்கள்.
இழுப்பறைகளை ஏலத்தில் எடுத்தவர்
ஆணியும் திருகும் போட்டு வைக்கப்போவதாகச் சொன்னார்.
எனக்கு அதில் வருத்தமில்லை.
இழுக்கும்போதெல்லாம் நகம் உடைத்த மரம்.

வருத்தம் திரையில் வந்தது.
கல்வி என்று தேடினேன்.
புது இயந்திரம் புள்ளியை எல்லாம் விழுங்கிவிட்டு
நாற்பத்திரண்டு நூல்களை நீட்டியது:
தொடககநிலைக கலவி
பெறறோருககான கலவி
சிஙகபபூரில கலவி: ஒரு நூறறாணடு வரலாறு

சிரிப்பை இருமலாக்கப் பார்த்தேன், முடியவில்லை.
பக்கத்து இருக்கைக்காரி என்னவென்று கேட்டாள்.
ஆங்கிலத்தில் விளக்க மூன்று நிமிடம் ஆனது.

சோலென் கெர்பிரா.
செராங்கூன் பக்கம் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் நூலகர்.
சிரிக்கவில்லை. தன் திரையை என் பக்கம் திருப்பினாள்.
அவர்கள் மொழியில்
மீனவனுக்கும் பாவிக்கும் ஒரே எழுத்துக்கள்.
தலைமேல் சின்னக் கூரை இருந்தால் மீனவன்,
சாய்ந்த கீறல் இருந்தால் பாவி.
இயந்திரம் கூரையைப் பிரித்து, கீறலை அழித்து
இருவரையும் ஒரே படகில் ஏற்றியிருந்தது.

பயிற்சியாளர் டெஸ்மண்ட் குவெக் குனிந்து பார்த்தார்.
சின்னப் புள்ளிதானே மேடம், என்றார்.
சின்னப் புள்ளிதான்.
பெரிய புள்ளி யாரும் இதற்காக வரப்போவதில்லை.

அடையாள அட்டையில் நான் ஏற்கெனவே எலிலரசி.
ழ-வுக்கு அங்கே இடமில்லாமல்
எழிலின் இருக்கையில் எலி வந்து உட்கார்ந்து
முப்பத்தெட்டு வருடம்.
அதைச் சொன்னபோதுதான் சோலென் சிரித்தாள்.

பிறகு சனிக்கிழமைகள்.
தே பெங் இரண்டு, ஈரம் ஊறிய தாள்கள்,
அவள் பிழைகள் ஊதாவில், என்னுடையவை பச்சையில்.
ஐந்து எழுத்துரு, மூன்று விசைப்பலகை,
ஒன்றின் ஆனா இன்னொன்றில் டாலர் குறி.
நிறுவனத்துக்கு எழுதினோம், பதில் வந்தது, மறுபடி எழுதினோம்.
ஒருமுறை ஒரு பொறியாளர் மின்னஞ்சலில் கேட்டார்:
இந்தப் புள்ளி கட்டாயமா, அலங்காரமா?
அதை அச்செடுத்து உணவறையில் ஒட்டினேன்.

மூன்று வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை
புள்ளி வந்தது.
உயிர் ஏறிக் கிடந்த மெய்யெல்லாம்
மெய்யாகவே மெய்யானது.
செராங்கூனில் மீனவன் கரையேறியதாகத் தொலைபேசி வந்தது.

அன்று மதியம் முதல் ஆள்,
தேசிய சேவைச் சீருடை, காலணியில் சேறு.
என் முன்னாலேயே தேடுபெட்டியில் தட்டினான்
கல்வி என்று,
ஆங்கில எழுத்தில்,
ஒரு புள்ளியும் இல்லாமல்.
வந்துவிட்டது, அவனுக்கு வேண்டியது.

கோபப்பட நினைத்தேன்.
அதற்குள் புத்தகத்தை இயந்திரத்தில் வைத்து,
ரசீதைக் கிழித்து, மின்தூக்கிக்கு ஓடிவிட்டான்.
என் பிள்ளைகளும் அப்படித்தான், என்றாள் சோலென்,
கைப்பேசி முழுக்கக் கூரையில்லாத மீனவர்கள்.
பிறகு எதற்கு இத்தனை சனிக்கிழமை, என்றேன்.
மறுமுனையில் பள்ளி மணி அடித்தது.
அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை,
திரும்பக் கேட்கவும் இல்லை.

இப்போது அவள் நூமியாவில்.
போன வாரம் மின்னஞ்சல், யாருடைய கணினியிலிருந்தோ.
ஒரு கீறல் இல்லை, ஒரு கூரை இல்லை,
தன் பெயரின் நான்காம் எழுத்தைக்கூட
மொட்டைத் தலையோடு விட்டிருந்தாள்.
பதில் எழுதும்போது
குறியீட்டுப் பட்டியலைத் திறந்து, தேடி,
இடமிருந்து வலமாக இறங்கும் அந்தக் கோட்டை
எடுத்து வந்து வைத்தேன்.

இன்று அவளிடமிருந்து ஒரே வரி.
எழிலரசி என்று, தமிழில், ழ-வோடு.
எங்கள் பட்டியலிலிருந்தே வெட்டி ஒட்டியிருக்கிறாள்:
எழுத்து அளவுக்கு மீறிப் பெரிது,
வாலில் அழைப்பெண்ணும் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறது,
641.5,
யாரோ ஓர் எழிலரசி எழுதிய
மீன் சமையல்.