தேயாத ஷூ

சாயெக்கைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில்
நிலக்கரி லாரிகள் மூச்சு வாங்கும் திருப்பம்.
அங்கேதான் என் பட்டறை.
அக்டோபர். டீசல் இன்னும் உறையவில்லை,
விரல்கள் உறைந்துவிட்டன.

சகின்பெக் ஒரு சாக்கை இறக்கிவைத்தான்.
உள்ளே நான்கு பிரேக் ஷூக்கள்.
"புதுசு மாதிரி இருக்கு பாரு.
தம்பி வண்டியில கழட்டினது.
இதையே என் பின் அச்சுக்குப் போட்டுடு,
காசு மிச்சம்."

தம்பி இஷெனாலி.
ஆகஸ்டில், கல்மாக் கணவாயின் ஏழாம் வளைவில்
இருபது டன் கரியோடு
வளையாமல் போனவன்.
சரளை வழுக்கியது என்றார்கள்.
தூங்கிவிட்டான் என்றும் சொன்னார்கள்.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினேன்.
லைனிங்கில் ரிவெட் தலைகள்
கிணற்றடிக் காசு போல ஆழத்தில் கிடந்தன.
"எத்தனை நாள் ஓடிச்சு இதுல?"
"மூணு குளிர்காலம்."

மூன்று குளிர்காலம்.
ஒரு நூல்கூடத் தேயவில்லை.

நடந்த செருப்புதான் தேயும்.
இது டிரம்மைத் தொட்டதே இல்லை.
முன் சக்கரங்களே மொத்தப் பாரத்தையும் பிடித்து
காய்ந்து, நீலம் பாரித்து,
ஆறாம் வளைவு வரை கொண்டுவந்திருக்கின்றன.
அட்ஜஸ்டரை யாரும் இறுக்கவில்லை.
ஒரு ஸ்பேனர், அரை நிமிடம்,
அடியில் போய்ப் படுக்க ஒரு அட்டை.
அவ்வளவுதான் வேலை.

யாரும்.

சாக்கைக் கட்டி ஓரமாக வைத்தேன்.
"இது வேணாம். புதுசு கடனுக்குத் தரேன்."
என்னைப் பைத்தியம் என்றான்.
மதியத்துக்குள் இரண்டு பக்கமும் மாட்டி முடித்தேன்.
சக்கரத்துக்குக் கல் வைத்து
அடியில் நுழைந்தேன், கையில் சாக்பீஸ்.

"மிதி."
தடி வெளியே வந்தது.
"விடு."
அட்ஜஸ்டரில் இன்னும் கால் சுற்று.
"மிதி."
இப்போது இரண்டு விரல் அகலம், அதற்கு மேல் இல்லை.
கோடு போட்டேன்.

முகம் பார்க்காமல் பேச
லாரியின் அடிவயிறு நல்ல இடம்.
"மே மாசம் உன் தம்பி இங்க வந்தான்.
கிளட்ச் பாக்கச் சொன்னான்.
கிளட்ச் மட்டும் பாத்தேன்."

மேலே பதில் இல்லை.
"விடு" என்றேன், மெதுவாக.
காற்று சீறி வெளியேறும் சத்தம்
வரவில்லை.
மிதித்தபடியே இருந்தான்.

தடியில் என் வெள்ளைக் கோடு
அசையாமல் நின்றது.
அதற்கு அடியில் நானும்
மல்லாந்தபடி.