பூஜ்ஜியம் நகர்ந்த இரவு

வால்விஸ் பே, நமீபியா. மார்ச்.
பின்னால் பாலைவனம், முன்னால் மூடுபனி,
நடுவில் துயாகுலாவின் வாளி.

வாளிக்குள் அவள் செய்த உணரி:
பென்சில் முனையளவு தங்கம்,
அதன்மேல் வெங்காயத் தோலைவிட மெல்லிய சவ்வு.
நீரில் கரைந்த கந்தக வாயு சவ்வைக் கடந்தால்
ஒரு சின்ன மின்னோட்டம்.
அவ்வளவுதான். ஆறு ஆண்டு வேலை.

இது பதினோராவது.
முதலாவதில் உப்புநீர் புகுந்தது.
நான்காவதைக் கடல்நாய் கவ்விக்கொண்டு போனது.
ஏழு, எட்டு, ஒன்பது மூன்றுக்கும் ஒரே சாவு:
பத்து நாளில் பாசி, பதினைந்தில் கொட்டலசு.
எதைப் போட்டாலும் குடியேறிவிடுகிறது கடல்.
பத்தாவதைப் பற்றி அவள் பேசமாட்டாள்.

"எங்களுக்கு மூக்கு இருக்கிறதே"
என்றார் பெட்ரஸ் கோலியத், சிப்பிப் பண்ணைக்காரர்.
இருக்கிறது. கடல் கந்தகம் கக்கும் நாளில்
பள்ளிப் பிள்ளைகள் காலரை மூக்குவரை இழுத்துக்கொள்வார்கள்;
சூடான ரொட்டியிலும் அழுகிய முட்டை வாடை.
ஆனால் மூக்கு ஒரு கோழை:
கொஞ்சம் என்றால் ஊரைக் கூட்டும்,
மிஞ்சிப்போனால் மரத்துப்போய் வாய்மூடும்.

தமிழில் நாற்றம் ஒருகாலத்தில் பூவுக்கான சொல்.
எந்தக் கரையில், யார் முகம் சுளித்து அது திரிந்ததோ,
அகராதி சொல்லாது. மெல்ல நகர்ந்திருக்கும்.
கருவியின் பூஜ்ஜியமும் அப்படி:
ஆய்வகத்தில் ஒழுங்காக இருந்தது
கடலில் மூன்று வாரம் கிடந்தால்
ஒன்றுமில்லாததை மூன்று என்கிறது, ஐந்து என்கிறது.
கழித்தாக வேண்டும்.
அதற்கு நாலு வரி நிரல் எழுதினாள்:
மெதுவாக ஏறுவது பொய்,
திடீரென ஏறுவது மட்டுமே கடல்.

பதினேழாம் தேதி இரவு காற்று விழுந்தது.
அடிச்சேற்றிலிருந்து வாயு எழுந்தது,
வெடித்து அல்ல,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவனைப்போல.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மிதவை சொன்னது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிரல் கழித்தது.
திரையில் கோடு
இஸ்திரி போட்டதுபோல் படுத்திருந்தது.

காலையில் கடல் பால்பச்சை.
நாக்குமீன்கள் விளிம்பு நீரில் வாய் பிளந்து ஒதுங்கின.
குயிசெப்மண்டிலிருந்து ஆட்கள் கோணிப்பையோடு ஓடிவந்தார்கள்.
ஒருத்தி தள்ளுவண்டி நிறைய மீனோடு திரும்பினாள்,
வண்டிக்குரிய குழந்தை இடுப்பில்.

பெட்ரஸின் கூடைகளில் சிப்பிகள் திறந்து கிடந்தன.
இரண்டு வருட வளர்ப்பு.
அவர் எதுவும் கேட்கவில்லை.
ஒன்றைக் கையில் எடுத்து மூடிப்பார்த்தார்,
தூங்கும் பிள்ளைக்குச் சட்டைப் பித்தான் போடுவதுபோல்.
விட்டதும் திறந்துகொண்டது.

அவள் மூலத் தரவைத் திறந்தாள், கழிக்காததை.
இரவு எட்டேமுக்காலிலிருந்து
கோடு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது,
மின்தூக்கி பழுதான கட்டடத்தில்
ஆறாம் மாடிக்காரர் ஏறுவதுபோல், நின்று நின்று.
கருவி ஒரு பொய்யும் சொல்லவில்லை.
பொய்யின் நீளம் நாலு வரி.

முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்த்தாள்:
காதில் வெள்ளித் தோடு கறுத்திருந்தது.
மின்கலம் இல்லை, சவ்வு இல்லை,
திருத்த ஆளும் இல்லை.
சிரிப்பு வரப்பார்த்தது. வரவில்லை.

இரண்டு கோடுகளையும் அச்சிட்டுக் கொண்டுபோனாள்,
படுத்ததும் ஏறியதும், ஒரே தாளில்.
பெட்ரஸ் வெகுநேரம் பார்த்தார்.
"நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்."
"ஆமாம்."
பேனா எடுத்து, ஏறும் கோட்டில் ஓரிடத்தைச் சுழித்தார்.
"இங்கே போன் வந்திருந்தால் கூடைகளை மேலே இழுத்திருப்பேன்.
பாதியாவது."
தாளின் ஓரத்தில் அந்தப் பாதியை எண்ணாகவும் எழுதினார்.
பத்தொன்பதாயிரம்.

தாள் இப்போது அவள் மேஜைக்கு மேலே.
வாளியில் பன்னிரண்டாவது.
இன்று காலை சுத்த நீரில் அது நாலு காட்டுகிறது.
நகர்வாகத்தான் இருக்கும்.
அவள் இன்னும் கழிக்கவில்லை.
வாளியை மாற்றி, நீரை மாற்றி,
மறுபடி கேட்கிறாள்.