குடை, மஞ்சள், ஒரு கம்பி உடைந்தது

பிர்னோ நகராட்சியின் 'தொலைந்தவை' பக்கம்
எல்லாரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது:
கையுறை, இடது, கறுப்பு.
கையுறை, இடது, கறுப்பு, வேறு.
பொய்ப்பல், மேல்வரிசை.
கெண்டை மீன், இரண்டு கிலோ, உயிருடன்,
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆறாம் எண் டிராம்.

மூன்று மாதத்தில் வரி மறைந்துவிடும்.
பொருள் எங்கே போகும் என்று போடவில்லை.

எனக்கு ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது.
பணிமனையில் இரவுமுறை,
இருக்கைகளுக்கடியில் ஈரத் துடைப்பம்,
அகப்பட்டதைப் பையிலிட்டுச் சீட்டு ஒட்டுவது,
அவ்வளவுதான்.
இலவசமாய் ஒரு கருவி கிடைத்தது.
ஒரு கையுறையைச் சொடுக்கினேன்,
அதைச் சுற்றிப் பச்சைக் கட்டம்.
இன்னொன்றைத் தொட்டேன்.
'இதைப்போல் நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் எடுக்கவா?'
எடு.
'அடுத்த பக்கம்?'
அதையும்.
'தினமுமா?'
அதிகாலை நான்கரைக்கு, நான் பூட்ஸைக் கழற்றும் நேரம்.

என் ஆசை சின்னது:
இடதை வலதோடு சேர்த்துவைப்பது.
பிப்ரவரி முடிய ஒன்பது ஜோடி சேர்ந்தன.
ஒரே ஒருவர் தேடி வந்தார்.
அதற்குள் புதிது வாங்கி
அதிலும் ஒன்றைத் தொலைத்திருந்தார்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு
தேதியை விட்டு, பெயர் வாரியாக அடுக்கிப் பார்த்தேன்.
குடை, மஞ்சள், ஒரு கம்பி உடைந்தது.
குடை, மஞ்சள், ஒரு கம்பி உடைந்தது.
பதினொரு தடவை.
வியாழன் இரவு தொலைகிறது, கடைசி நிறுத்தத்தில்.
திங்கள் காலை 'ஒப்படைக்கப்பட்டது'.
மழையே இல்லாத வியாழன்களிலும்.
அதில் நாலு சீட்டு நான் எழுதியவை;
எழுதும்போது உறைக்கவே இல்லை.

மறதிக்கு இவ்வளவு ஒழுங்கு வராது.

திங்கள் காலை அந்தச் சாளரத்தில் இருப்பது ராட்மிலா.
கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவள்,
'இது என்ன கையெழுத்தா, கோழி கிளறியதா' என்று
என் பைகளைத் திருப்பியனுப்புபவள்.
ஜனவரியிலிருந்து
திங்கட்கிழமைகளில் மட்டும்
அவள் காதில் தோடு.

மேலதிகாரி ஹோரிமீர் அட்டவணையைக் கேட்டார்.
திரும்பத் திரும்பத் தொலைப்பவர்களுக்கு
அபராதம் போடலாமாம்.

ஒளித்துவைத்ததை நான் எடுக்கவில்லை.
ஊரே பார்க்கும் இடத்தில் இருந்தது,
ஊர் பார்க்கவில்லை.
உதிரியாய்க் கிடந்தவரை அது குடை.
சேர்த்தது நான்.

பத்து வரிகளை அழித்தேன்.
ஒன்றை விட்டேன்;
யாருக்கும் ஒரு குடை தொலையலாம்.
பிறகு அனுப்பினேன்.

வியாழன், கடைசி டிராம்.
பின்னிருக்கையில் அது சாய்ந்திருந்தது, நனையாமல்.
உடைந்த கம்பியைக் கட்டிவிடலாமா என்று கை போனது.
வேண்டாம், அடையாளம் போய்விடும்.
சீட்டில் எழுதினேன்:
குடை, எலுமிச்சை நிறம்.
அடுத்த வாரம் வைக்கோல் நிறம் என்று போடலாம்.
அதற்கடுத்த வாரம்
பார்த்துக்கொள்ளலாம்.

கையெழுத்தை மட்டும் இந்த முறை
அவளுக்குப் புரியும்படி.