ராம்நகருக்கு வழி

டிசம்பரில்தான் லீவு என்கிறாய், ரெஜினா.
சரி, வா.
ஷூ வேண்டாம், ரப்பர் செருப்பு.
பவர்பேங்க் இரண்டு.

சென்ட்ரலில் ராம்நகர் என்றதும்
ஆட்டோக்காரர் வானத்தைப் பார்ப்பார்;
பார்த்து முடிக்கட்டும், அப்புறம் பேரம்.

வேளச்சேரி மேம்பாலத்தில்
கார்கள் ஓரமாய் வரிசைகட்டி நின்றால்
எங்கள் தெரு தீவாகிவிட்டதென்று அர்த்தம்.
அங்கேயே இறங்கிக்கொள்.
நட்டநடு ரோட்டில் நட.
வேப்பங்கிளை செருகியிருக்கும் இடத்தை மட்டும் சுற்றிப் போ:
அடியில் மூடியில்லாத பள்ளம்.

பால் பாக்கெட் எங்கே கண்டாலும் நாலு வாங்கு,
விலை கேட்காதே.
கீழ்வீட்டு சம்பந்தம், அவர் மனைவி, ஃப்ரிட்ஜ், கிளி
எல்லாம் எங்கள் ஹாலில்தான் இருக்கும்.

கடல் பார்க்கணும் என்றாயே,
பீச்சுக்கெல்லாம் அலைய வேண்டாம்.
மாடிப்படியில் ஏழாவதில் உட்கார்,
கால் நனையும்.

திரும்பிப் போகும் டிக்கெட்டை மட்டும்
இப்போதே எடுத்துவிடாதே.