ஐம்பது லக்ஸ்

கோத்தகிரி மியூசியத்துக்கு வயரிங் எடுத்தது நான்.
பழைய கச்சேரிக் கட்டடம், தகரக் கூரை.
ட்ரில் வைத்தால் சுவர்
பொலபொலவென்று நூறு வருஷச் சுண்ணாம்பு கொட்டும்.

இருநூறு பொருள் வெளியே, கண்ணாடிக்குள்.
ஆயிரத்துச் சொச்சம் பின்னறையில், பூட்டுக்குள்.
பூட்டை உடைத்த அன்று முதலில் வெளியே வந்தது
ஒரு மரநாய்.
அதற்கு ரெஜிஸ்டரில் எண் இல்லை.

பிறகுதான் மற்றவை.
வாலை அந்துப்பூச்சி தின்ற காட்டெருமை.
மூடிகள், வெறும் மூடிகள்,
ஒன்றின் மேல் ஒற்றைக் கொம்போடு மண் எருமை;
தாழிகள் எந்தச் சீமையிலோ.
மடிப்பு மடிப்பாய்ப் பழுத்த ஒரு பூத்துக்குளி.

ஜெசிந்தா மேடம் என் கையில் ஒரு மீட்டர் கொடுத்தார்.
"கல்லுக்கு எவ்வளவும் போடுங்க.
துணிக்கு ஐம்பது லக்ஸ்.
தாண்டினா சாயம் போயிடும்,
போறது கண்ணுக்கே தெரியாது."
வெளிச்சத்தை விற்றுப் பிழைக்கிறவன் நான்,
இருபது வருஷமாய்.
வெளிச்சம் தின்னும் என்று
ஒரு கஸ்டமரும் சொன்னதில்லை.
அன்று வீட்டுக்குப் போய்
அப்பா கண்டியிலிருந்து கொண்டுவந்த டிரங்கைத் திறந்து பார்த்தேன்.
பாஸ்போர்ட்டில் அவர் முகம் அப்படியே இருந்தது.
மூடிவிட்டேன்.

ஐப்பசி அடைமழை. லோடு கணக்கெடுக்க வந்த
மின்வாரியத்துப் பெர்ஷ்குட்டன்
மழையில் மாட்டி ஆறரை மணிவரை அங்கேயே நின்றான்.
மேசையில் அறுநூற்றுப் பதினொன்று.
ரெஜிஸ்டர் சொன்னது:
மூங்கில் குவளை. நல்ல நிலை. உபயோகம் தெரியவில்லை.
பார்த்தான். உடனே
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்,
யாரோ குளிக்கையில் தவறி நுழைந்தவன்போல.

"பால் கோயிலோடது" என்றான், சுவரிடம்.
"உள்ள போறவர் மட்டும்தான் தொடுவார்.
எங்கம்மா கண்ணால பாத்ததில்ல.
மூடிடுங்க மேடம்."

மேடம் வெள்ளைத் துணியை எடுத்தார்.
எடுத்த கை பாதியில் நின்றது.
என்னிடம் நீட்டினார்.
நான் மட்டும் யார்?
குட்டனைப் பார்த்தேன்.
தான் வெறும் மீட்டர் ரீடர் என்பதுபோல்
தலையை ஆட்டினான்.

தகரத்தில் மழை அடிக்க அடிக்க
மூன்று பேர், ஒரு துணி.

எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான்.
போய் மெயினை அணைத்தேன்.

திரும்பப் போட்டபோது
துணி மூடியிருந்தது.
யார் மூடியது என்று
நாங்கள் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.

சென்னைக்கு மூன்று கடிதம் போனது.
ஒரு பதில் வந்தது: ஆவன செய்க.

திறப்பு விழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள்.
பதினான்காம் பெட்டி காலி.
அட்டையில் எண் மட்டும்.
மூக்கை அமுக்கி உற்றுப் பார்த்துக்
கண்ணாடியெல்லாம் ஆவி ஆக்கினார்கள்.

அதற்கும் வயர் இழுத்திருக்கிறேன்.
பல்ப் மாட்டவில்லை.
நுனியில் கறுப்பு டேப்.

பில்லில் அந்தப் பாயிண்டுக்கும் கூலி எழுதினேன்.
மேடம் வெட்டவில்லை.