காய்

எனக்குத் தன் கம்பளித் தொப்பியைக் கொடுத்தான் மிர்கோ.
ஜூன் மாதம்.
காலை ஒன்பதரைக்கும் விடியாத ஊர் எங்கள் புந்தா அரெனாஸ்.
"உன் காதுதான் சீக்கிரம் சிவக்குது" என்றான்.
சிவந்தது.

எலிசேயோவுக்குக் கால்பந்துக் காலணி.
"எனக்குச் சின்னதாயிடுச்சு."
மில்லாராய்க்கு மௌத் ஆர்கன்,
அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே.
லவுதாரோவுக்கு, அப்பா செதுக்கித் தந்த சதுரங்கத்தில்
ஒரே ஒரு குதிரை.

தனக்கு மட்டும்தான் என்று
ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டோம்.
நான் அதற்கு மேலும் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன்.
தலையணைக்கடியில் தொப்பி.

ஜிம்முக்குப் பின்னால்
கொதிகலன் அறைச் சுவர் எப்போதும் சூடாக இருக்கும்.
அதில் முதுகை ஒட்டி நின்று
ரொட்டி தின்கிற பதினைந்து நிமிடம்.
எலிசேயோ காலைத் தூக்கிக் காட்டினான்:
"யாரோடது, சொல்லு?"
காலணி கொஞ்சமும் சின்னதில்லை.
மில்லாராய் மெல்லுவதை நிறுத்தினாள்.
பையிலிருந்து மௌத் ஆர்கனை எடுத்து
பெஞ்சில் வைத்தாள்.
லவுதாரோ குதிரையை வைத்தான்.
நான் தொப்பியைக் கழற்றினேன்.

யாரோ வீட்டைக் காலி செய்கிற மாதிரி இருந்தது.

பிறகுதான் சொன்னேன்,
ஞாயிறு இரவு அவன் என்னிடம் சொன்னதை,
வெளியே விடமாட்டேன் என்று
அம்மா மேல் நான் செய்த சத்தியத்தை.
பல் தந்தியடித்தது.
சுவர் முதுகில் சுட்டுக்கொண்டே இருந்தது.

"சத்தியம் பண்ணியிருக்கே, யஸ்னா" என்றான் லவுதாரோ.
"ஆமா."
"நாங்க பண்ணலையே" என்றாள் மில்லாராய்.

அது புறவழியாகப் பட்டது எனக்கு.
நானே போனேன். மூவரும் கூட வந்தார்கள்.
ஆலோசகர் மாருசிச்சின் மேஜையில்
பொருள்களைப் பரப்பினோம்,
திருடிப் பிடிபட்டவர்கள் மாதிரி.
அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
தேநீரைத் தள்ளிவைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

அதன்பின் நடந்தது எங்களுக்கு முழுக்கத் தெரியாது.
அவன் அம்மா, மீன் ஆலைச் சீருடையோடும் ரப்பர் பூட்ஸோடும்
வராந்தாவில் ஓடியது தெரியும்.
பத்தொன்பது நாள் அவன் இடம் காலி.
முறைவைத்து அவனுக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதினோம்.
லவுதாரோவின் கையெழுத்து யாருக்கும் புரியாது,
அதனால் படங்கள் மட்டும் அவன் பொறுப்பு:
தவளையின் இதயம், மூன்று அறைகள்.

திரும்பி வந்தான்.
காலணியை வாங்கிக்கொண்டான்.
மௌத் ஆர்கனை ஊதிப் பார்த்து, "யார் எச்சில் இது?" என்றான்.
குதிரை தன் கட்டத்துக்குப் போய்விட்டது.
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

காய்.
பன்னிரண்டு வாரமாகக் காய்.

என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.
மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம்,
தினமும், இரண்டு கண்ணாலும்
கோபமாக இருக்கிறான்.
இரவில் நான் அந்த வாக்கியத்தின்
முதல் சொல்லை மட்டும் அழித்துப் பார்ப்பேன்.

செப்டம்பரில் காற்று வந்தது.
நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டினார்கள்,
பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க.
பள்ளி விட்டதும் ஒரே கயிற்றில் ஏழெட்டுப் பேர்.
எனக்கு முன்னால் போவது அவன் என்று
பாதிச் சாலையில்தான் பார்த்தேன்.
அவன் கால் வழுக்கியது.
அந்த இழுப்பு என் உள்ளங்கைக்கு வந்தது.
நிமிர்ந்தான். திரும்பினான்.
ஒரு வார்த்தை இல்லை.
என் தலையிலிருந்து தொப்பியைப் பிடுங்கித்
தன் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

பழம் இல்லை, இன்னும்.
காது மட்டும்
வீடு சேரும்வரை எரிந்தது.
நான் மூடவில்லை.